மருத்துவக் கல்லூரி வாசலும் பழைய மதிப்பெண் பட்டியலும்: வாசகர் கேள்வி-பதில்

இம்மாதம் வந்த கடிதங்களுள் நான்கு, படிப்பில் பின்தங்கித் தொடங்கியவர்கள் மருத்துவம் படிக்க முடியுமா என்ற ஒரே பொருளைப் பற்றியவை. அவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவ மாணவர்களுக்கு உடற்செயலியல் கற்பித்தும், சேர்க்கைக்கான நேர்காணல் குழுக்களில் உட்கார்ந்தும் பெற்ற அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 23. பள்ளியில் அறிவியல் பாடங்களில் தேர்ச்சிக்குத் தேவையான அளவே மதிப்பெண் பெற்றேன். பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் வேதியியலில் இருமுறை தோற்றேன். கடந்த ஓராண்டாக நன்றாகப் படிக்கிறேன். மருத்துவர் ஆக வேண்டும் என்ற எண்ணமும் உறுதிப்பட்டுவிட்டது. பழைய மதிப்பெண்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் ‘உனக்கு இது ஒத்துவராது’ என்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில், அந்தப் பழைய மதிப்பெண்களை யார் பார்க்கப்போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இது நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுபடுகிறது. அறிவுரை சொல்பவர்களில் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கையை நீட் தேர்வின் மதிப்பெண் தீர்மானிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் பொதுப் பிரிவினர் சேர்த்து 50 விழுக்காடும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 விழுக்காடும் பெற்றிருந்தால் தகுதி கிடைத்துவிடும். அதற்குப் பிறகு கல்லூரியில் வேதியியலில் எத்தனை முறை தோற்றீர்கள் என்று தரவரிசைப் பட்டியல் கேட்பதில்லை. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. அங்கே பட்டப்படிப்பு முடித்த பிறகே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். அந்நாட்டு மருத்துவ நுழைவுத்தேர்வான எம்கேட்டின் மதிப்பெண்ணோடு கல்லூரிக் காலம் முழுவதன் தரப்புள்ளி சராசரியும் விண்ணப்பத்தில் ஏறுகிறது. எம்.டி. (அங்கே அதுவே முதல் மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப முறையில், தோற்ற பாடத்தைத் திரும்பப் படித்துத் தேறினாலும் பழைய மதிப்பெண் அழிவதில்லை, இரண்டும் சேர்த்தே கணக்கிடப்படுகின்றன.

எனவே பட்டப்படிப்பின் மதிப்பெண்களைப் பார்க்கும் நாட்டில் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், சராசரி என்பது மெதுவாகவே அசையும் ஒன்று என்பதைக் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ளுங்கள். நான்குக்கு 2.4 என்ற நிலையில் இரண்டு ஆண்டுகளைக் கழித்த ஒருவர், அடுத்த இரண்டு ஆண்டுகளை 3.8 என்ற மிக நல்ல நிலையில் முடித்தாலும் மொத்தச் சராசரி 3.1-க்கு மேல் ஏறாது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அவர் ஒரு நடுத்தர மாணவர். ஆண்டுவாரியாகப் பார்ப்பவருக்கோ அவர் முற்றிலும் வேறொரு மாணவர். சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்டுவாரியாகப் பார்க்கத் தெரிந்தவர்களே, ஆனால் அந்த ஏறுமுகம் கடினமான அறிவியல் பாடங்களில் வந்திருக்க வேண்டும். ‘கடந்த ஓராண்டாக நன்றாகப் படிக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தெந்தப் பாடங்களில் என்று எழுதவில்லை. எளிய விருப்பப் பாடங்களைத் தேர்ந்து உயர்ந்திருந்தால் அது உங்கள் மனத்துக்கு ஆறுதலாக இருக்கலாம்; கரிம வேதியியலிலோ உயிர்வேதியியலிலோ உயர்ந்திருந்தால்தான் அது சான்றாகும்.

இவையெல்லாம் பிறர் பார்வைக்கு. உங்கள் பார்வைக்கு அந்த மதிப்பெண் பட்டியல் வேறொரு வகையில் பயன்பட வேண்டும். காய்ச்சலோடு வருகிறவருக்குக் காரணம் அறியாமல் மருந்து எழுதுவது தவறு என்று மருத்துவக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறோம். மதிப்பெண் குறைந்தவருக்கு மட்டும், காரணம் எதுவென்று பாராமல், ‘இன்னும் கடினமாகப் படி’ என்ற ஒரே மருந்தை எல்லோரும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

என்னிடம் வந்த ஒரு மாணவரைப் பற்றிச் சொல்கிறேன். தனக்கு வேதியியல் வராது என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார். பழைய விடைத்தாள்களை எடுத்துவரச் சொல்லி இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம். கரிம வேதியியல் வினைகளை ஓரளவு சரியாகவே எழுதியிருந்தார். அமிலம், காரம், சமநிலை, வினைவேகம் ஆகிய இடங்களில்தான் வரிசையாக விழுந்திருந்தார். இரத்தத்தின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 7.4-லிருந்து 7.1-க்கு இறங்கினால் அது பெரிய மாற்றமா, சிறிய மாற்றமா என்று கேட்டேன். புள்ளி மூன்றுதானே, சிறிய மாற்றம் என்றார். உண்மையில் அந்தப் புள்ளி மூன்றில் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு லிட்டருக்கு 40 நானோமோலிலிருந்து ஏறத்தாழ 80-க்கு, அதாவது இரண்டு மடங்காக ஏறிவிடுகிறது. அந்த நிலையில் ஒரு நோயாளி இருந்தால் மருத்துவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்க மாட்டார். பிஹெச் மடக்கை (லாகரிதம்) அளவுகோலில் அமைந்தது என்பதும், இரண்டின் மடக்கை மதிப்பு ஏறத்தாழ 0.3 என்பதும் அவருக்குப் பிடிபடவே இல்லை. அவர் பள்ளியில் மடக்கைப் பாடம் நடந்த நாள்களில் நீண்ட விடுப்பில் இருந்திருக்கிறார், பிறகு யாரும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. வேதியியலில் அவருக்கு இருந்த நோய் கணக்கில் தொடங்கியது. மூன்று வாரம் பள்ளிக் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்த பிறகு, ஆறு ஆண்டுகளாக ‘வராத’ வேதியியல் மெல்ல வரத் தொடங்கியது.

உங்கள் தோல்விக்கும் இதுவே காரணம் என்று சொல்லவில்லை. அடித்தளத்தில் ஓட்டை இருக்கலாம், படிக்கும் முறை தவறாக இருக்கலாம், அந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டிலோ உடலிலோ ஏதேனும் சிக்கல் இருந்திருக்கலாம், அல்லது உண்மையாகவே அப்போது படிப்பில் நாட்டமில்லாமல் இருந்திருக்கலாம். மருத்துவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: இரத்தசோகை, தைராய்டுச் சுரப்புக் குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு, எழுத்துகளைப் படிப்பதில் வரும் டிஸ்லெக்சியா போன்றவை ‘சோம்பல்’ என்ற பெயரில் பல ஆண்டுகள் மறைந்திருக்கக்கூடியவை. ஐயம் இருந்தால் பரிசோதித்துக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது படிக்கும் முறை. மெதுவாகத் தொடங்கிய மாணவர்களில் நான் பார்த்த பெரும்பாலோர் குறைவாகப் படித்தவர்கள் அல்லர், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள். அவர்களுடைய புத்தகத்தில் வண்ணம் பூசாத வரியே இருக்காது. 2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. ஒரு பகுதியை நான்கு முறை வாசித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் அதில் 83 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை வாசித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காட்டையே நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது முதல் குழு 40 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்க, இரண்டாம் குழு 61-இல் நின்றது. வாசித்தவுடன் தெரிந்ததுபோல் தோன்றும் அந்த ஐந்து நிமிட நிறைவே பலரை ஏமாற்றுகிறது.

ஆகவே இன்றிரவு ஒரு சோதனை செய்து பாருங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் இதயத்தை வரைந்து, வலது ஆரிக்கிளில் நுழையும் ஒரு துளி இரத்தம் பெருந்தமனி வழியாக வெளியேறும்வரை செல்லும் பாதையை, வால்வுகளின் பெயரோடு எழுதுங்கள். வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய்க்கு வரும்போது பலருடைய கை தயங்கும். தமனி என்றாலே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் என்று பள்ளி நாளில் மனப்பாடம் செய்தவர்கள் அதைச் சிரை என்று எழுதிவிடுவார்கள். இதயத்திலிருந்து வெளியே கொண்டுசெல்வது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை, உள்ளே ஓடும் இரத்தத்தின் நிறத்துக்கும் பெயருக்கும் தொடர்பில்லை என்பது தாளில் கை தயங்கிய அந்த இடத்தில்தான் மனத்தில் பதியும். மூன்று நாள் கழித்து மறுபடியும் வரையுங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

கஹால் என்ற ஸ்பெயின் நாட்டு மருத்துவரின் இளமைக்காலம் எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. 1852-இல் பிறந்த அவர் பள்ளியில் அடங்காத பிள்ளை. ஓவியராக வேண்டும் என்று அடம்பிடித்தவரை, அவருடைய தந்தை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக அனுப்பிவைத்தார். பிறகு 1868-ஆம் ஆண்டின் கோடையில், மருத்துவரான அதே தந்தை, மகனைக் கல்லறைத் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்று, அங்கே கிடந்த மனித எலும்புகளைக் கொண்டுவந்து வரையச் சொன்னார். வரையும் ஆசையின் வழியாகவே உடற்கூறியல் அவருக்குள் நுழைந்தது. 1873-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நரம்புச் செல்களை வரைந்தே ஆராய்ந்து 1906-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இத்தகைய கதைகளை நான் பொதுவாக மாணவர்களுக்குச் சொல்வதில்லை, ஏனெனில் பின்தங்கித் தொடங்கிப் பின்தங்கியே நின்றுவிட்டவர்களின் கதைகளை யாரும் எழுதிவைப்பதில்லை. ஆனால் அந்தத் தந்தை செய்த காரியம் கவனிக்கத்தக்கது: கண்டிப்பை அவர் கூட்டவில்லை, பாடம் உள்ளே போகும் வழியை மாற்றினார்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். நுழைவுத்தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு, நீங்கள் தோற்ற அதே வேதியியலை, முறையாகத் தேர்வு வைக்கும் ஏதேனும் ஓரிடத்தில், ஒரு பருவம் முழுவதும் மாற்றிய முறையில் படித்து எழுதிப் பாருங்கள். அதன் முடிவைப் பார்த்துவிட்டு அடுத்த அடியை வையுங்கள்.

கேள்வி: பட்டப்படிப்பில் ஓராண்டு முழுவதும் தோல்வி. இப்போது நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அந்த ஆண்டைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? அப்போது என் தாயார் நோய்வாய்ப்பட்டிருந்தார் என்பது உண்மை. அதைச் சொன்னால் சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடாதா?

பதில்: அழைத்தவர்கள் உங்கள் மதிப்பெண்களைப் பார்த்த பிறகே அழைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் நினைவில் வையுங்கள். அந்த ஆண்டை மறைக்க முடியாது, மறைக்க வேண்டியதும் இல்லை.

உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் அளவாகச் சொல்லுங்கள். நான் கேட்ட விடைகளில் மோசமானவை இரண்டு வகை. ஒன்று, ஆசிரியர் சரியில்லை, வினாத்தாள் கடினம் என்று பழியைப் பிறர்மேல் போடுவது. மற்றொன்று, துயரத்தைப் பத்து நிமிடம் விரித்துச் சொல்லிக் கேட்பவரின் இரக்கத்தை நம்பியிருப்பது. நன்றாக நினைவிருக்கும் ஒரு விடை இப்படி இருந்தது: “அந்த ஆண்டு வீட்டில் நோயாளி இருந்தார், அவரைக் கவனித்துக்கொண்டேன். விடுப்புக் கேட்டிருக்கலாம், கேட்கக் கூச்சப்பட்டு எல்லாத் தேர்வுகளையும் எழுதித் தோற்றேன். இப்போது நெருக்கடி வந்தால் முதல் வாரத்திலேயே துறைத் தலைவரிடம் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஒருமுறை அப்படிச் செய்தேன்.” ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நடந்தது, தன் பிழை, அதற்குப் பின் மாறியது என மூன்றும் அதில் இருந்தன. கடைசி வாக்கியத்தில் வந்த அந்த ஒரு நிகழ்வுதான் எங்களை நம்பவைத்தது.

சில பல்கலைக்கழகங்கள், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான குறுநேர்காணல் முறையைப் பின்பற்றுகின்றன. அதில் நீங்கள் அறை அறையாகச் சென்று, ஒவ்வோர் அறையிலும் சில நிமிடங்கள் வேறுவேறு தேர்வாளரைச் சந்திப்பீர்கள். ஓர் அறையில் சறுக்கியது அடுத்த அறையில் இருப்பவருக்குத் தெரியாது. அங்கே பழைய மதிப்பெண் பேச்சே எழாமலும் போகலாம். கேட்காதபோது நீங்களாக எடுத்துப் பேச வேண்டாம்.

கேள்வி: எங்கள் மகள் மூன்று முறை நீட் எழுதிவிட்டாள். ஒவ்வொரு முறையும் 430-லிருந்து 450-க்குள்ளேயே நிற்கிறது. நான்காம் முறையும் எழுதவைப்பதா, வேறு படிப்பில் சேர்ப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறோம்.

பதில்: தங்கள் கடிதம் இரண்டு பக்கம் நீள்கிறது, அதில் தங்கள் மகள் என்ன விரும்புகிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. ‘எழுதவைப்பதா, சேர்ப்பதா’ என்ற இரண்டு சொற்களிலும் அவள் செயப்படுபொருளாக இருக்கிறாள். முடிவெடுக்கும் முன் அவளைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். விடை உடனே வராவிட்டால் சில நாள் பொறுத்திருங்கள்.

அவளே எழுத விரும்புகிறாள் என்றால், மூன்றாண்டு மதிப்பெண்ணும் ஏன் ஒரே இடத்தில் நிற்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும். 180 வினாக்கள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறைவு, மொத்தம் 720 என்பது தாங்கள் அறிந்ததே. ஒருவர் 120 வினாக்களுக்குச் சரியாகவும் 40-க்குத் தவறாகவும் விடையளித்து 20 வினாக்களை விட்டுவிட்டால் 440 மதிப்பெண் வரும். அந்த 40 தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தெரியாமல் செய்ததா, தெரிந்தும் அவசரத்தில் செய்ததா, இரண்டு விடைகளுக்கிடையே ஊகித்ததா என்று அவளே குறிக்கட்டும். தெரிந்தும் தவறியவை 15 என்று வந்தால், அவற்றை மட்டும் சரிசெய்தாலே மதிப்பெண் 515 ஆகிவிடும். புதிதாக ஒரு பாடமும் படிக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு நான்காம் முயற்சியில் பொருள் உண்டு. மாறாக, 40 தவறுகளில் பெரும்பாலானவை இயற்பியலில், அதுவும் அடிப்படையே புரியாமல் வந்தவை என்றால், அதே பயிற்சி மையத்தில் அதே குறிப்பேட்டோடு இன்னோர் ஆண்டு உட்கார்வதால் 450 பெரிதாக மாறாது. இயற்பியலைப் பள்ளிப் பாடத்திலிருந்து மறுபடியும் கற்றுத்தரும் ஒருவர் கிடைத்தால் எழுதட்டும். கிடைக்காவிட்டால் எழுத வேண்டாம் என்பதே என் கருத்து.

நீட் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. (அமெரிக்காவின் எம்கேட் தேர்வுக்கு வாழ்நாளில் ஏழு முறை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.) விதி வரம்பு வைக்காத இடத்தில் குடும்பம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வரம்பைத் தேர்வு முடிவு வந்த இரவில் பேசாதீர்கள். அடுத்த முயற்சி தொடங்கும் முன்பே, இதுதான் கடைசி என்றும், தவறினால் இன்ன படிப்பு என்றும் அவளும் நீங்களும் சேர்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த மாற்றுப் படிப்பின் பெயரை வீட்டில் தோல்வியின் மறுபெயராக உச்சரிக்காமல் இருப்பது தங்கள் பொறுப்பு. இடையில் அவள் தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பதாகத் தெரிந்தால் தேர்வுப் பேச்சை ஒத்திவைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மருத்துவமனை ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். வயது 34. பள்ளி நாளில் படிப்பில் அக்கறை இல்லாமல் இருந்துவிட்டேன். இனி மருத்துவம் படிக்க நினைப்பது பைத்தியக்காரத்தனமா?

பதில்: இல்லை. ஆனால் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிப்பு, உள்ளுறைப் பயிற்சி ஓராண்டு உட்பட ஐந்தரை ஆண்டுகள். மேற்படிப்பு மேலும் மூன்று ஆண்டுகள். நுழைவுத்தேர்வுக்கு ஓராண்டோ இரண்டோ ஒதுக்கினால், தனித்துறை மருத்துவராக நீங்கள் நிற்கும்போது 45-ஐ நெருங்கியிருப்பீர்கள். நீட் தேர்வுக்கு இருந்த வயது உச்சவரம்பு 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. வீட்டு வருமானம் அத்தனை ஆண்டுகள் தாங்குமா என்ற கணக்கை மட்டும் நீங்கள்தான் போட வேண்டும், அதில் நான் எதுவும் சொல்ல இயலாது.

இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியராகப் பணியாற்றினார். முதுகுவலியால் அப்பணியை விட நேர்ந்தபின் மருத்துவமனைச் சமூகப்பணியாளர் ஆனார். இறந்துகொண்டிருக்கும் நோயாளிகளின் வலியைப் போக்க வழி தேடி, 33 வயதில் மருத்துவம் படிக்கத் தொடங்கி 1957-இல் தேறினார். 1967-இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளுக்காக அவர் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம் வலி தணிப்பு மருத்துவத்துக்கு முன்னோடியாயிற்று. எதற்காக மருத்துவம் என்பதற்கு அவரிடம் தெளிவான விடை இருந்தது. உங்கள் கடிதத்தில் அந்த விடை இல்லை. எனக்கு எழுத வேண்டும் என்பதில்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

நீங்கள் ஏற்கெனவே மருத்துவமனையில் இருப்பதால், வெளியில் இருப்பவர்களுக்குக் கிட்டாத ஒரு வாய்ப்பு உங்களுக்கு உண்டு. அனுமதி பெற்று, ஒரு மாதம், உங்கள் பணி முடிந்தபின் வார்டில் உள்ளுறை மருத்துவர்களோடு சில இரவுகள் நின்று பாருங்கள். நீங்கள் ஆய்வகத்திலிருந்து அனுப்பிய பொட்டாசிய அளவு 6.8 (உயிருக்கு ஆபத்தான உயர்வு) என்ற தாள், அங்கே நள்ளிரவு இரண்டு மணிக்கு யார் கையில் விழுகிறது, அவர் அடுத்த பத்து நிமிடத்தில் என்னென்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். விடியும்போது அந்த இடத்தில் நீங்களே நிற்க வேண்டும் என்று தோன்றுகிறதா, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று தோன்றுகிறதா என்பதை எனக்கு எழுதுங்கள்; நுழைவுத்தேர்வுக்கான படிப்புத் திட்டத்தைப் பற்றி அதன்பின் பேசலாம்.